கணினி வந்துவிட்ட பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியலைக் கொண்டுசேர்ப்பது பற்றிப் பேச்செடுத்தாலே, எத்தனை கணினி வாங்கித் தரலாம் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. கணினி வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின்கீழ் ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டதை ஆராய்ந்து 2012இல் வெளியான மதிப்பீடு, கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ அப்பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றே கூறியது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்த கல்வி ஆய்வாளர் ஜேன் மார்கோலிஸின் குழுவினர் கண்டதும் இதற்கு நெருக்கமானதுதான்: ஏழை மாணவர் மிகுந்த பள்ளியிலும் கணினிகள் இருந்தன, கற்பிக்கப்பட்டதோ தட்டச்சு போன்ற அடிப்படைப் பயிற்சிகள். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று பெரியவர்கள் முன்கூட்டியே முடிவுகட்டிவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

நியூசிலாந்தின் கணினி அறிவியலாளர் டிம் பெல் முதலியோர் 1990களில் உருவாக்கிய, கணினியே தேவைப்படாத பயிற்சிகளில் ஒன்றை என் வகுப்பில் தவறாமல் செய்வேன். ஐந்து மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் கையிலுள்ள அட்டைகளில் வலமிருந்து இடமாக 1, 2, 4, 8, 16 புள்ளிகள் இருக்கும். 13 வேண்டும் என்றால் 8, 4, 1 ஆகிய மூன்றும் முகம் காட்டும். மற்ற இரண்டும் திரும்பிக்கொள்ளும். முகம் காட்டுவதை 1 என்றும் திரும்பியதை 0 என்றும் கொண்டால், 0, 1 மட்டுமே கொண்டு எழுதும் இரும எண்ணாக 01101 கண்முன் நிற்கும். பிறகு 32 கேட்பேன். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 31க்குமேல் போகாது, இன்னோர் அட்டை வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அதில் எத்தனை புள்ளி என்பதை நான் சொல்லித்தர நேர்ந்ததே இல்லை.

வகுப்பில் இப்படித் துளிர்த்த ஆர்வம் வீட்டுப்பாடத்தில் கருகுவதையும் கண்டிருக்கிறேன். நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பை, கோப்பாக அனுப்பவில்லை என்று ஒரு மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அவள் தன் நோட்டை நீட்டினாள். பென்சிலால் எழுதிய நிரல். பக்கத்திலேயே கட்டம் போட்டு, மடக்கு, அதாவது நிரலில் திரும்பத் திரும்ப இயங்கும் பகுதி, ஒவ்வொரு முறை சுற்றும்போதும், ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயரான மாறியின் மதிப்பு என்னவாகிறது என்று கணக்கிட்டிருந்தாள். கடைசிச் சுற்றில் ஒரு பிழையைத் தானே கண்டு, அடித்துத் திருத்தியுமிருந்தாள். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி இரவு வெகுநேரம் கழித்துத்தான் அவள் கைக்கு வருமாம். அவளுடைய மதிப்பெண்ணை அன்றே திருத்தினேன். தாளில் எழுதிய நிரலையும் அதுமுதல் ஏற்றுக்கொள்கிறேன்.

செய்முறைக்குரிய நேரம் பள்ளி நேரத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். பள்ளி முடிந்தபின் ஆய்வகத்தைத் திறந்துவைப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஓடும் பிள்ளைக்கு உதவாது. மதிய இடைவேளையில் திறந்தால் அந்தப் பிள்ளையும் வரும். இருவருக்கு ஒரு கணினி என்றாலும் குறையில்லை: ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் வழிசொல்லலாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருவரையும் இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால், வீட்டில் கணினி வைத்திருக்கும் பிள்ளையே பாடவேளை முழுவதும் விசைப்பலகையை வைத்துக்கொள்ளும்.