ஒஃபென்சிவ் லைனுக்கு எப்போ ஆள் எடுக்கணும்? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்குப் போவோம், இது அமெரிக்கன் ஃபுட்பால் பத்தினது. "எங்க டீமுக்குப் புதுசா ஒரு குவார்ட்டர்பேக் வந்திருக்கார். வர்ற டிராஃப்ட்ல முதல் ரவுண்டுலயே ஒஃபென்சிவ் லைனுக்கு ஆள் எடுக்கணுமா, இல்ல நல்ல ரிசீவர் ஒருத்தரை எடுத்துட்டு, லைனை மூணாவது நாலாவது ரவுண்டுல பார்த்துக்கலாமா?" இதான் கேள்வி. புதுசா பார்க்கறவங்களுக்கு: குவார்ட்டர்பேக் பந்தை வீசறவர், ரிசீவர் அதைப் பிடிக்கறவர். ஒஃபென்சிவ் லைன்னா குவார்ட்டர்பேக்குக்கு முன்னால நின்னு அவரைக் காப்பாத்தற அஞ்சு பேர்: நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ரெண்டு ஓரத்துலயும் டாக்கிள். டிராஃப்ட்னா டீம்கள் காலேஜ் வீரர்களை ரவுண்டு ரவுண்டா, முறை வச்சு எடுக்கறது. ஒவ்வொரு முறையும் ஒரு பிக்.

எந்த ரவுண்டுங்கறதை அப்புறம் பார்ப்போம். அதுக்கு முன்னாடி எந்த வருஷம்னு கேக்கணும். லைன்ல ஓட்டை விழுந்த வருஷமே ஆளைத் தேடினீங்கன்னா நீங்க ஏற்கெனவே லேட். ஓட்டை விழறதுக்கு ஒரு வருஷம், முடிஞ்சா ரெண்டு வருஷம் முன்னாடியே ஆள் உள்ள வந்து உக்கார்ந்திருக்கணும்.

ஏன்னா காலேஜ்ல லைன்மேன் செய்யற வேலையும் என்எஃப்எல்ல, அதாவது தொழில்முறை லீக்ல, செய்யற வேலையும் ஒண்ணு இல்ல. காலேஜ்ல நிறைய டீம் ஆட்களை அகலமா பரப்பி நிறுத்தற ஸ்ப்ரெட் ஆட்டம் ஆடுது. பையன் கையைத் தரையில வைக்காம நின்னுக்கிட்டேதான் ஆரம்பிப்பான். பந்து சட்டுனு கையை விட்டுப் போயிடும், அவன் ரொம்ப நேரம் தாங்கவே வேண்டியதில்ல. அப்படிப் பழகினவன் இங்க வந்து மூணு செகண்ட் ஒரு எட்ஜ் ரஷரை, அதாவது ஓரத்துல இருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்தி வர்றவரை, தனியா தாங்கணும். சரி, வந்து கத்துக்கட்டுமேன்னு பார்த்தா, லீகும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சீசன் முழுக்க பேட் (தடுப்புக் கவசம்) போட்டுப் பயிற்சி செய்யற நாள் அதிகபட்சம் 14தான். ரிசீவர் பேட் இல்லாம ரூட் ஓடிக் கத்துக்கலாம். எதிராளியோட முழு எடையும் நெஞ்சுல வந்து மோதாம லைன்மேன் கத்துக்க முடியாது.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்துல வச்சுப் பாருங்க. லெஃப்ட் டாக்கிளுக்கு எதிர்ல எட்ஜ் ரஷர், லெஃப்ட் கார்டுக்கு எதிர்ல எதிரணியோட டிஃபென்சிவ் டாக்கிள். ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால கொடுத்து ஆட்டம் தொடங்கினதும், எட்ஜ் ரஷர் வெளிப்பக்கம் வர்ற மாதிரி ஒரு அடி வச்சுட்டு, சடார்னு உள்ள திரும்பி கார்டோட தோள்ல மோதறார். அதே நேரத்துல டிஃபென்சிவ் டாக்கிள் அவருக்குப் பின்னால சுத்திக்கிட்டு வெளிப்பக்கம் வர்றார். இதுதான் ஸ்டன்ட். நம்ம டாக்கிள் தன் ஆள் பின்னாலயே உள்ள போயிடக் கூடாது. அவரைக் கார்டு கையில தள்ளி விட்டுட்டு, கண்ணை உள்ள வச்சு, சுத்தி வர்றவருக்காகக் காத்திருக்கணும். கார்டு தன் ஆளை விட்டுட்டு, வந்து மோதறவரைப் பிடிச்சுக்கணும். இது நடக்கணும்னா ரெண்டு பேரும் லைன் ஆஃப் ஸ்க்ரிம்மேஜ்ல (ஆட்டம் தொடங்கற கோட்டுல) இருந்து ஏறக்குறைய ஒரே ஆழத்துல நிக்கணும். புது டாக்கிள் பயத்துல ஒரு கஜம் கூடுதலா பின்வாங்கிட்டார்னா, ரெண்டு பேருக்கும் நடுவுல வாசல் திறந்துடும். குவார்ட்டர்பேக் கீழ. பக்கத்துப் பக்கத்துல நின்னு பல நூறு ஸ்னாப் ஆடினாதான் இந்தக் கை மாத்தற வேலை தானா வரும். ஏப்ரல் டிராஃப்ட்ல எடுத்த பையன் சீசன் தொடங்கற செப்டம்பர்ல இதை ஒழுங்கா செய்வான்னு கணக்குப் போடறது ரொம்ப ஆபத்து.

முன்கூட்டியே எடுக்கறதுன்னா என்னன்னு பார்க்க ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸைப் பாருங்க. ஜேசன் கெல்சி சென்டரா நல்லா ஆடிக்கிட்டிருந்தப்பவே, 2022ல ரெண்டாவது ரவுண்டு, 51வது பிக்ல கேம் ஜர்கன்ஸை எடுத்தாங்க. முதல் வருஷம் பெஞ்ச். ரெண்டாவது வருஷம் ரைட் கார்டு. கெல்சி 2024 மார்ச்ல ஓய்வு பெற்றதும் சென்டர். அந்த சீசன் முடிவுல, 2025 பிப்ரவரில, லீகோட இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஜெயிச்சாங்க. லெஃப்ட் டாக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவுல ரக்பி லீக் ஆடினவர், அதுவரை அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினதே கிடையாது. 2018ல ஏழாவது ரவுண்டு, 233வது பிக். ரெண்டு வருஷம் ஒரு மேட்ச்கூட ஆடல. இதைக் கேட்டுட்டு "ஏழாவது ரவுண்டே போதும்"னு முடிவு பண்ணிடாதீங்க. அதே இடத்துக்குன்னு 2019ல முதல் ரவுண்டு, 22வது பிக்ல ஆண்ட்ரே டில்லர்டையும் எடுத்தாங்க. அது தேறல, 2021ல மைலாட்டா அந்த இடத்தைப் பிடிச்சார். ஒரு இடத்துக்கு ரெண்டு பேரை வளர்த்ததாலதான் ஒருத்தர் தவறினப்ப டீம் கவுந்து போகல. எனக்கு அவங்ககிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

இப்போ ரவுண்டு. டாக்கிள் வேற, உள்ள நிக்கற மூணு பேர் வேற. ரெண்டையும் ஒண்ணா "லைன்"னு சொல்லிப் பேசறதாலதான் குழப்பமே வருது.

டாக்கிளுக்கு உடம்பே ஒரு தகுதி. கை நீளம் 33 அங்குலத்துக்குக் குறைஞ்சா டீம்கள் தயங்கும், 34 இருந்தா சந்தோஷப்படும். கை குட்டையா இருந்தா எட்ஜ் ரஷரோட கை முதல்ல நம்ம நெஞ்சுல விழும், அப்புறம் கால் எவ்வளவு வேகமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. 300 பவுண்டுக்கு மேல எடை, நீளக் கை, பக்கவாட்டுல பின்வாங்கற கால், இது மூணும் ஒரே ஆள்கிட்ட இருக்கறது அபூர்வம். அதனால நல்ல டாக்கிள் முதல் ரவுண்டுலயே காலியாயிடும். ரெண்டாவது மூணாவதுல பார்த்துக்கலாம்னா என்ன ஆகும்னு கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் காட்டிட்டாங்க. 2023ல மூணாவது ரவுண்டுல வான்யா மாரிஸ், 2024ல ரெண்டாவது ரவுண்டுல கிங்ஸ்லி சுவாமடையா. 2024 சீசன்ல ரெண்டு பேரையும் லெஃப்ட் டாக்கிள்ல வச்சுப் பார்த்தாங்க, நிக்கல. கடைசில கார்டு ஜோ தூனியை டாக்கிள்ல நிறுத்தி சூப்பர் பௌலுக்குப் போனாங்க. சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஈகிள்ஸ் 6 தடவை சாக் பண்ணினாங்க, அதாவது பந்தை வீசறதுக்கு முன்னாடியே கீழ தள்ளினாங்க. ரெண்டு மாசம் கழிச்சு நடந்த டிராஃப்ட்ல சீஃப்ஸோட முதல் ரவுண்டு பிக் யாரு? ஜாஷ் சிம்மன்ஸ், டாக்கிள்.

கார்டு, சென்டர் கதை தலைகீழ். அதே சீஃப்ஸ் 2021ல சென்டர் கிரீட் ஹம்ஃப்ரியை 63வது பிக்லயும், கார்டு ட்ரே ஸ்மித்தை ஆறாவது ரவுண்டு 226வது பிக்லயும் எடுத்தாங்க. ஸ்மித் அவ்வளவு கீழ போனதுக்குக் காரணம் காலேஜ்ல அவருக்கு நுரையீரல்ல ரத்தக்கட்டி இருந்தது, திறமை குறைவு இல்ல. ரெண்டு பேரும் முதல் வருஷமே ஆடினாங்க. கிரீன் பே பேக்கர்ஸ் இதை ஒரு வழக்கமாவே வச்சிருக்காங்க. டி.ஜே. லாங், டேவிட் பக்தியாரி, ஜாக் டாம் மூணு பேரும் நாலாவது ரவுண்டு. காலேஜ்ல டாக்கிளா ஆடினவங்களைப் பார்த்து எடுப்பாங்க. டாக்கிளா நின்னா லாபம், நிக்கலன்னா உள்ள கொண்டுவந்து கார்டு ஆக்கிடலாம். கார்டை வெளிய தள்ளி டாக்கிள் ஆக்கறதுதான் கஷ்டம்.

காசு விஷயமும் இருக்கு. முதல் ரவுண்டு ஆளுக்கு ஐந்தாம் வருஷ ஆப்ஷன் உண்டு, அதாவது டீம் விரும்பினா அவரை ஐந்தாவது வருஷமும் வச்சுக்கலாம். ஆனா அந்தச் சம்பளத்தைக் கணக்குப் போடும்போது லைன் அஞ்சு இடத்தையும் ஒரே வகையா வச்சுடறாங்க. டாக்கிள் சம்பளமும் அதுல கலந்திருக்கறதால சென்டருக்கு அது அதிக விலை. பால்டிமோர் ரேவன்ஸ் 2022ல 25வது பிக்ல எடுத்த டைலர் லிண்டர்பாம் அருமையான சென்டர், ஆனா 2025ல அவரோட ஆப்ஷனை எடுக்கல. அதனால குவென்டன் நெல்சன் மாதிரி ஒரு கார்டு வந்தா 6வது பிக்லயும் எடுங்க, மத்தபடி உள்வரிசைக்கு ரெண்டாவது மூணாவது ரவுண்டே சரியான விலை.

உயர்ந்த பிக்னு நம்பி ஏமாந்த வருஷம் 2013. முதல் 11 பிக்ல 6 பேர் லைன்மேன். 2வது பிக் லூக் ஜோக்கல் நாலு வருஷத்துல ஜாக்சன்வில்லை விட்டுப் போயிட்டார். 7வது பிக் ஜானதன் கூப்பர் சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே கால் ஒடிஞ்சு படுத்துட்டார். 4வது பிக் லேன் ஜான்சன் பெரிய வீரர் ஆனார், சரி. ஆனா அதே டிராஃப்ட்ல 75வது பிக் டெரான் ஆர்ம்ஸ்டெட், 109வது பிக் பக்தியாரி. அவசரத்துல "இந்த இடம் காலி, யாராவது ஒருத்தர்"னு எடுக்கறதுதான் இங்க மாட்டிக்கற வழி. ரெண்டாவது ரவுண்டு மதிப்புள்ள டாக்கிளை 18வது பிக்ல எடுத்துட்டு முதல் ரவுண்டு ஆட்டத்தை எதிர்பார்ப்பாங்க. இதைத் தவிர்க்க ஒரே வழி, மார்ச்ல ஃப்ரீ ஏஜென்சில (ஒப்பந்தம் முடிஞ்ச வீரர்களை எடுக்கற சந்தையில) அனுபவசாலி ஒருத்தரை ஒரு வருஷ ஒப்பந்தத்துக்காவது கொண்டுவந்து ஓட்டையை மூடிடறது. அப்போ ஏப்ரல்ல கை நடுங்காது.

ரிசீவரா லைனா? 2021ல சின்சினாட்டி இதே இடத்துலதான் நின்னாங்க. 5வது பிக்ல டாக்கிள் பெனெய் சூவலை விட்டுட்டு ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தாங்க. சேஸை எடுத்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க குவார்ட்டர்பேக் ஜோ பரோ முந்தின வருஷம்தான் முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சு வந்தவர். அவருக்கு முன்னால போதுமான ஆள் வைக்காததுதான் தப்பு. 46வது பிக்ல எடுத்த ஜாக்சன் கார்மன் காலேஜ்ல டாக்கிள், அவரைக் கார்டா மாத்தப் பார்த்தாங்க, நிலைக்கல. பரோ அந்த சீசன்ல 51 தடவை, பிளே-ஆஃப்ல 19 தடவை சாக் ஆனார். சூப்பர் பௌல்ல மட்டும் 7, தோத்தது 3 புள்ளில.

உங்க டீமுக்கு வர்றேன். முதல்ல சாக் எல்லாத்தையும் வீடியோவுல பாருங்க. மூணு செகண்டுக்கு மேல பந்தை வச்சிருந்து விழுந்ததெல்லாம் குவார்ட்டர்பேக் கணக்கு, அதுக்கு லைன்மேன் எடுத்துப் பிரயோஜனம் இல்ல. அடுத்து, அஞ்சு பேரோட வயசையும் ஒப்பந்தம் முடியற வருஷத்தையும் ஒரு தாள்ல எழுதுங்க. ரெண்டு டாக்கிளும் 30 வயசுக்குக் கீழ, இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தத்துல இருந்தா, தயங்காம ரிசீவரை எடுங்க, ரெண்டாவது மூணாவதுல ஒரு கார்டோ சென்டரோ எடுங்க. ஒரு டாக்கிள் இடம் அடுத்த வருஷம் காலியாகுதுன்னா, முதல் ரவுண்டுல நிஜமான டாக்கிள் கைக்கு எட்டினா அவரைத்தான் எடுக்கணும். ரெண்டு டாக்கிளுமே இல்லாத நிலைமைன்னா, டிராஃப்டை மட்டும் நம்பாதீங்க. 2002ல ஹூஸ்டன் டெக்சன்ஸ் குவார்ட்டர்பேக் டேவிட் காரை முதல் பிக்ல எடுத்துட்டு, நம்பியிருந்த டாக்கிள் டோனி போசெல்லி தோள் காயத்தால ஆட முடியாம, அந்தப் பையன் 76 சாக் வாங்கினார். 2024ல சிகாகோவுல குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68. அடுத்த வசந்தத்துல சிகாகோ பேர்ஸ் தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன்னு உள்வரிசை மூணு இடத்துக்கும் டிரேடுலயும் ஃப்ரீ ஏஜென்சிலயும்தான் ஆள் கொண்டுவந்தாங்க, அதுக்கப்புறம்தான் டிராஃப்ட்.

இன்னொண்ணு, நாலாவது ரவுண்டுக்குக் கீழ வருஷா வருஷம் ஒரு லைன்மேனை எடுத்துடுங்க, தேவை இருக்கோ இல்லையோ. மேட்ச் அன்னைக்கு 8 லைன்மேன் இருந்தாதான் 48 பேரை இறக்கலாம், இல்லன்னா 47தான். அந்த எட்டாவது ஆள் குறைஞ்ச சம்பளத்துல உக்கார்ந்து கத்துக்கட்டும்.