லாக் ஹவுஸ் கட்டப் போகிறீர்களா? கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பது மச்சான் வாங்கிய மரம். பழத்தோட்டத்துக்குள் ஒரு சின்ன லாக் ஹவுஸ் கட்டப் போகிறார். தோட்டத்து லயத்தில் நாம் பார்த்த பலகை வீடு இல்லை இது. முழுக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புவது.

சரி, கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். இந்த வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பாக இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்து வளையமாக ஓடுவது வெள்ளைக்கட்டை. இது செங்கால் மரம், உலர்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிற்கும். ஆனால் செங்காலின் பலமெல்லாம் வைரத்தில்தான். வெள்ளைப் பகுதியைக் கரையான் விட்டுவைக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா சமையலறையை நீட்டியபோது ஒரு மரக்கடையில் செங்கால் என்று சொல்லித்தான் தூண்கள் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் வெள்ளை. சில வருடங்களிலேயே விரலால் அழுத்தினால் பொடியாகக் கொட்டியது. அப்பா அதற்குச் சேர்த்து வைத்த காசு எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

நிறைய அண்ணன்மார் கேட்கும் கேள்வி: "தம்பி, மறுநடவுக்கு வெட்டுகிற கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கட்டலாமா?" நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் சுவருக்கு வேண்டாம். கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டால் சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை பூக்கும், வண்டும் துளைக்கும். உடனே அறுத்து, போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தினால் மேசை நாற்காலிக்கு அருமையான மரம். வெளியில் மழையில் நிற்க அதற்குத் தெம்பில்லை. செம்பனைத் தண்டு அதற்கும் கீழே. அது உண்மையில் மரமே இல்லை, நார்க்கட்டு.

அப்புறம் ஈரம். மரக்கடையில் ஈரம் அளக்கும் ஊசிக் கருவியைக் குத்தி 18, 19 விழுக்காடு என்று காட்டுவார்கள். அது மேல்தோலின் கணக்கு. கட்டையின் நுனியில் ஒரு துண்டு அறுக்கச் சொல்லி, உள்முகத்தில் குத்திப் பாருங்கள். பச்சை மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். லாக் ஹவுஸில் கட்டைகள் படுத்துக் கிடப்பதால் சுவரின் உயரமே இறங்கும். குளிர்நாடுகளில் பச்சை பைன் கட்டைச் சுவர் 6 விழுக்காடு வரை இறங்கும் என்று கணக்கு வைப்பார்கள். 2.5 மீட்டர் சுவரில் அது 15 சென்டிமீட்டர்! கதவு, சன்னல் சட்டத்துக்கு மேலே இடைவெளி விடாவிட்டால் சுவர் இறங்கி சட்டத்தின்மேல் உட்கார்ந்துவிடும். கதவு திறக்காது.

வெடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுமையக் குருத்தோடு கூடிய முழுக்கட்டை காயும்போது வெடிக்கத்தான் செய்யும். வெடிப்பு மேலே பார்த்தபடி இருந்தால் மழைநீர் தேங்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். நார் திருகிப்போன கட்டையை மட்டும் தள்ளிவிடுங்கள், காயக் காய அது முறுக்கிக்கொண்டே போகும்.

2019இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவித்த மெர்பாவையும் மச்சான் யோசித்தார். நல்ல மரம்தான், நனைந்தால் பழுப்புச் சாயம் விட்டு சிமெண்டுத் தரையைக் கறையாக்கும். அதனால் விட்டுவிட்டோம்.

முடிவு இதுதான்: மழை தெறிக்கும் கீழ் மூன்று வரிசைக் கட்டைகளுக்கு வைரம் மட்டுமுள்ள செங்கால். மேலே மருந்தேற்றிய கெம்பாஸ். முன்பு தண்டவாளத்துக்கு அடியில் சிலிப்பர் கட்டையாகக் கிடந்த மரம்தான் அது. கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய் வீட்டுத் தூண்கள் கல்லின்மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாங்களும் அப்படியே மண்படாமல் தூக்கி வைக்கிறோம்.

மேகம் கறுத்துவிட்டது. மச்சான் கட்டை முனைகளுக்கு மெழுகு பூசக் கூப்பிடுகிறார். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அங்கே பூசினால் வெடிப்பு குறையும். வாருங்கள், அதையும் காட்டுகிறேன்.