காய்த்த மரத்தைப் பட்ட மரம் என்பதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாங்கனிக் கண்காட்சிக்கு வந்தும் பழத்தை விட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிருஷ்ணகிரிப் பெருமக்களே, வணக்கம்.

எதிர்பாராத வெற்றி ஓர் இசைக்குழுவுக்கு வரமா, சாபமா? நான் வரம் என்கிற கட்சி. முன்னால் பேசிய அம்மையார், 'மக்கரேனா' பாடிய லாஸ் டெல் ரியோ குழுவை "ஒரே வருஷம் காய்த்துப் பட்டுப்போன மாமரம்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அம்மா, மாமரத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு வேறு ஊரா கிடைக்கவில்லை? கொத்துக்கொத்தாகக் காய்த்த மரம் மறுவருஷம் காய்ப்பு குறையும். அதற்காகக் காவேரிப்பட்டணத்து விவசாயி கோடாரியோடா தோப்புக்குப் போகிறார்? அதே மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுக்கிறார்!

லாஸ் டெல் ரியோ இரண்டே பேர் கொண்ட குழு. ஸ்பெயினில் செவில் நகரத்துப் பக்கத்துக்காரர்கள் அந்த இருவர். 1960-களிலிருந்து சேர்ந்து பாடியவர்கள். 1993-இல் வந்த பாட்டை மயாமிக்காரர்கள் ஆங்கில வரி சேர்த்து மாற்ற, 1996-இல் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். பிறகு அந்த உயரம் வாய்க்கவில்லை, உண்மைதான். அதே பாட்டைக் கிறிஸ்துமஸுக்கு மாற்றிக்கூடப் போட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் அதே 1996-இல் சிகாகோவில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி மாநாடு. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வந்த பிரதிநிதிகள் இந்தப் பாட்டுக்குக் கையை நீட்டி, தலையில் வைத்து, இடுப்பை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். துணை ஜனாதிபதி அல் கோர் மேடையேறுகிறார். விறைப்பானவர் என்று நாடே கேலி செய்த மனிதர். தானும் மக்கரேனா ஆடிக் காட்டுவதாகச் சொல்கிறார். கூட்டம் ஆவலோடு பார்க்கிறது. அவர் இப்படி நின்றார். (அசையாமல் நிற்கிறேன்.) நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள், நான் பேச்சை மறக்கவில்லை, ஆடிக்கொண்டிருக்கிறேன்! அத்தோடு விட்டாரா? இன்னொரு முறை பார்க்கிறீர்களா என்று வேறு கேட்டார். நீங்களும் பார்க்கிறீர்களா? (மறுபடியும் நிற்கிறேன்.)

ஆடாமல் நின்றவருக்கே கைதட்டல் வாங்கிக் கொடுத்த பாட்டம்மா அது!

இன்னொன்று. வெனிசுவேலாவில் ஒரு பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்து, அந்த இருவரில் ஒருவரான அந்தோனியோ ரொமேரோவுக்குத் தோன்றிய பாட்டு அது. அதில் அவர் வைத்த 'மக்கரேனா' என்ற பெயர் தன் மகளின் பெயர். இந்தக் கூட்டத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எத்தனை பேர்? நான் என் மகள் பெயரை எழுதிய ஒரே இடம் என் ஸ்கூட்டரின் முகப்பு. அதற்கே இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதன் பெற்ற பெண்ணின் பெயரை மொழி தெரியாத ஊரெல்லாம் பாடியது. அவரிடம் போய் "ஐயா, உனக்கு வந்தது சாபம்" என்று சொல்ல எதிரணியில் யாருக்கு வாய் வரும்? வந்தால் இப்போதே எழுந்து சொல்லட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.