இந்த வாரம் முழுக்க வில்தான்

வணக்கம், வணக்கம்! இன்று நிறையப் பேச வேண்டியிருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஹேடிஸ் என்ற வீடியோ விளையாட்டில் இராமனின் வில் என் கைக்கு வந்துவிட்டது! பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் எதற்காக அந்தப் பாதாளத்தில் இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்ஜயண்ட் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட விளையாட்டு இது. கிரேக்கப் பாதாளத்தின் அரசன் ஹேடிஸ். அவன் மகன் சாக்ரியஸ் அங்கிருந்து தப்பி மேலே வரப் பார்க்கிறான். வழியில் உயிர் போனால் மறுபடியும் அப்பா வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். மொத்தம் ஆறு ஆயுதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைவான வடிவம் இருக்கிறது. வாளுக்கு ஆர்தர் அரசன், ஈட்டிக்குச் சீனத்துத் தளபதி குவான் யூ, வில்லுக்கு நம் இராமன்! வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ்தான் அந்தச் சேதியைச் சொல்கிறாள். அவள் சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் பாட்டி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

விளையாட்டைச் செய்தவர்கள் பெயரை மட்டும் ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. இந்த வில்லின் சிறப்புத் தாக்குதல் பட்ட எதிரிகள் எல்லாருக்கும் ஒரு குறி விழுகிறது. அதன்பின் அவர்களில் ஒருவன்மேல் அம்பு விட்டால் அந்த அடி மற்றவர்களுக்கும் போய்ச் சேர்கிறது. கிட்கிந்தையில் ஏழு மராமரங்களை ஒரே அம்பால் துளைத்தவனின் வில் வேறு எப்படி இருக்கும், சொல்லுங்கள்! அதைப் படித்துவிட்டுத்தான் செய்தார்களா என்பது வேறு விஷயம், எனக்கு அப்படித்தான் பொருந்துகிறது. கடவுள் படத்தைச் சீட்டுக்கட்டு மாதிரி அச்சடித்துத் தலைக்கு மேல் ஒளிவட்டம் சுற்றவிட்டு, அதையே புராண விளையாட்டு என்று விற்கிறார்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவற்றைப் பற்றி இந்தச் சேனலில் நான் பேசுவதே இல்லை.

சரி, வில்லுக்கு வருகிறேன். நாணை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கணம் வெளிச்சம் மின்னும். மின்னிய அந்த நொடியில் விட்டால் அம்பு முழு வலுவோடு பாயும். முன்னால் விட்டாலும் பின்னால் விட்டாலும் வெறும் அம்புதான். அந்தக் காத்திருப்பு விரலில் அப்படியே தங்கிவிட்டது. அதைத் தாளில் கொண்டுவரத்தான் இந்த வார ஓவியப் பயிற்சி முழுவதும்.

ஓவியம் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தப் பென்சில்! இதைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். என் சாம்பல் நிறத் தாள் நோட்டு உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு வெள்ளைப் பென்சில் வேண்டும். ஒரு கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். விலை 4 சிங்கப்பூர் வெள்ளி 90 காசு. பெட்டியின் விலை இல்லை, ஒரே ஒரு பென்சில்! இங்கே சிங்கப்பூரின் தேக்காவில் அந்தக் காசுக்குத் தோசை சாப்பிட்டுத் தேநீரும் குடித்துவிட்டு வரலாம். வீட்டுக்கு வந்து சீவினால் முனை பொத்தென்று விழுகிறது. மறுபடி சீவினால் மறுபடி விழுகிறது. எங்கோ யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். மரம் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கரு துண்டு துண்டாகக் கிடக்கும். கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால், சீவிய பென்சிலை மாற்றித் தர முடியாதாம். சீவாமல் எப்படி ஐயா தெரியும்? உள்ளே எட்டிப் பார்க்க முடியுமா?

நானும் விடவில்லை. சீவியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சிறு கத்தியால் மரத்தை மட்டும் மெல்ல மெல்ல நீளவாக்கில் செதுக்கினேன். சீவி கருவைத் திருகிவிடும், கத்தி திருகாது, அவ்வளவுதான் சூட்சுமம். இதோ பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். ஊசி மாதிரி முனை! பாதிப் பென்சில் பிழைத்துவிட்டது. ஒன்று கவனியுங்கள்: ஏற்கெனவே கரும்பென்சில் தீட்டிய இடத்தில் வெள்ளையைப் போட்டால் அழுக்குச் சாம்பலாகிவிடும். வெளிச்சம் விழும் இடத்தை முதலிலேயே சும்மா விட்டுவிடுங்கள்.

இனி நடனம். தோழியின் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். அலாரிப்பும் ஜதிஸ்வரமும் நன்றாகவே இருந்தன. அபிநயம் நிறைந்த நீண்ட உருப்படியான வர்ணத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாயகி தலைவனுக்காகக் காத்திருக்கிறாள், மன்மதன் வந்து அம்பு தொடுக்கிறான். இடக்கையில் சிகரம், அதாவது விரல்களை மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தும் முத்திரை. வலக்கையில் கடகாமுகம்: கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் நுனியில் சேரும், மற்ற இரண்டும் மேலே விரியும். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூல் சொல்லும் ஒற்றைக்கை முத்திரைகள் 28-இல் இவை இரண்டு. சிகரத்தின் பயன்களில் மன்மதனும் வில்லும் தூணும் அடுத்தடுத்து வருகின்றன. கடகாமுகம் பூப்பறிக்கவும் உதவும், அம்பை மெல்ல இழுக்கவும் உதவும். மன்மதனுக்கு அம்பே பூதான் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மேடையில் வில் கிடையாது, நாண் கிடையாது. ஆனாலும் அந்தப் பெண் வலக்கையை இழுத்தபோது நாண் விறைத்ததை நான் பார்த்தேன்!

அரங்கில் இருட்டு. தாளைப் பார்க்கவே முடியாது, கண்ணை மேடையில் வைத்துக்கொண்டு கை போன போக்கில் கோடு இழுத்தேன். ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். அதற்கு முந்தைய நாள் எஸ்பிளனேட் கலையரங்கில், உள்ளே நுழைந்ததும் வரும் அந்தக் கூடத்தில், ஓர் இலவச நிகழ்ச்சி பார்த்தேன். அங்கே இராமன் வந்தான். அதே சிகரம், அதே கடகாமுகம். ஆனால் இடக்கை மரம் போல நேராக நீண்டிருந்தது, வலமுழங்கை காதுக்குப் பின்னால் போனது, மார்பு விரிந்தது, எடை பின்காலில் இறங்கியது. மன்மதனுக்கோ முழங்கை தாழ்ந்தே இருந்தது, கை மார்போடு நின்றுவிட்டது, கண் ஓரமாகப் போனது. கரும்பு வில்லை அதற்கு மேல் இழுத்தால் ஒடிந்துவிடாதா! கை ஒன்றுதான், தோள்தான் வேறு. அங்கே வெளிச்சமும் இருந்ததால் நிதானமாக வரைந்தேன். வரைகிற மக்களே, நவம்பரில் கலா உற்சவம் என்ற இந்தியக் கலைவிழா நடக்கும்போது நோட்டோடு எஸ்பிளனேட் போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் திருத்தி வரைந்தேன். முகம் இல்லை, கிரீடம் இல்லை, வில்லும் இல்லை. தோளும் கைகளும் மட்டும். நிமிர்ந்த கட்டைவிரலின் மேல்பக்கத்தில் மட்டும் வெள்ளை. வசந்தம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் நீட்டினேன். கண்ணாடியைக்கூடச் சரிசெய்யவில்லை. "இவர் இராமர். இவன் மன்மதன். இதில் என்ன கேள்வி?" என்று சொல்லிவிட்டு மறுபடி தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார். நான் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்! இரவு வெகுநேரம் தூக்கமே வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இணையத்தில் வரும் போர்வீரர் படங்களில் பெரும்பாலானவை எனக்குப் பிடிப்பதில்லை. வாள் தகதகவென்று இருக்கிறது, அதைப் பிடித்த கை கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது. சோழர் காலத்து இராமர் செப்புத் திருமேனிகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். வில்லும் அம்பும் தனியாகச் செய்து வைப்பது வழக்கம், பல திருமேனிகளில் இன்று அவை இல்லை. உயர்ந்த இடக்கையையும் அம்பைப் பிடிக்கும் வலவிரல்களையும் பார்த்தாலே வில் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். செய்த சிற்பியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

பிளாக் மித்: வூகோங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024-இல் வந்த அந்த விளையாட்டில் இன்னும் இரண்டாவது அத்தியாயத்தில்தான் இருக்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள். தலையில்லாத ஒருவர் மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறாரே, அவரைக் கேட்பதற்காகவே அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன். குரங்கு அரசன் வூகோங்கின் தடி கதைப்படி சீன எடை அளவில் 13,500 ஜின், அதாவது 8 டன்னை நெருங்கும். ஊசியாகச் சுருக்கிக் காதில் வைத்துக்கொள்வான். அவ்வளவு கனத்தை விளையாட்டுப் பொருளாகச் சுழற்றுகிறவனின் தோள் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கத்தான் சனிக்கிழமை காலை ஹாவ் பார் வில்லாவுக்குப் போகிறேன். 1937-இல் கட்டிய பூங்கா, வூகோங் வரும் மேற்குத் திசைப் பயணக் கதையின் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன, பூங்காவுக்குள் போகக் கட்டணம் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் வந்தால் சேர்ந்து வரையலாம்.

வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே ஒரு படம் அனுப்புங்கள். வில், வேல், கதாயுதம் எதுவானாலும் சரி, பிடித்திருக்கும் கையை மட்டும் வரையுங்கள். அடுத்த வீடியோவில் பாட்டியிடம் காட்டிக் கேட்கிறேன். ஆயுதத்தையும் சேர்த்து வரைந்து அனுப்பினால் காட்ட மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.