மேடையை விட்டுக் கிணற்றடிக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விஞ்ஞானச் சங்கங்களில் அங்கத்தவராக இருக்கிறவர்களுக்கும், அவர்களை ஊருக்குக் கூப்பிட நினைக்கும் அதிபர், ஆசிரியர், சனசமூக நிலையத்தாருக்கும் இந்த உரை. 1944இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தை எடுத்தாலும் சரி, எங்கள் யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தை எடுத்தாலும் சரி, ஆண்டு அமர்வும் ஆய்வுரையும் ஒழுங்காக நடக்கும். ஆனால் சந்தாவைக் கட்டிவிட்டு, "ஊருக்கு நான் என்ன செய்யலாம்?" என்று கேட்கிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "ஒரு பள்ளிக்கூடத்தில போய்ப் பேசுங்கோ" என்பதுதான்.

என்னைக் கேட்டால், பேச்சுத்தான் எல்லாவற்றிலும் குறைந்த பயன் தருவது. நாற்பது நிமிடம் திரையில் படம் காட்டிப் பேசினால் முன்வரிசைப் பிள்ளைகள் சிலருக்கும் மாலை போட்ட அதிபருக்கும் அது நினைவிருக்கும். பிள்ளைகளின் கையில் ஒரு அளவுகோலைக் கொடுத்து, அவர்கள் அளந்த எண்ணை அவர்களே கரும்பலகையில் எழுதவிட்டால் கதை வேறு. அப்படிச் செய்யக்கூடிய வேலைகளில் இரண்டை மட்டும் இன்று விரிவாகச் சொல்கிறேன். பேனையும் கடதாசியும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலாவது, நிழல் இல்லாத நண்பகல். யாழ்ப்பாணம் ஏறத்தாழ வட அகலக்கோடு 9.66 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டில் இரண்டு தடவை சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும்: ஏப்ரல் 14 அல்லது 15, பிறகு ஓகஸ்ட் 28ஐ ஒட்டிய நாள். பருத்தித்துறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஆகவே குடாநாடு முழுவதும் ஒரே நாளில் செய்யலாம். ஏப்ரலில் அது புத்தாண்டோடு வருவதால் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். வீட்டு முற்றத்தில் செய்யலாம். ஓகஸ்டிலும் பல ஆண்டுகளில் விடுமுறை குறுக்கிடும். வாசிகசாலை முற்றத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பது புத்தி.

வேண்டியவை அதிகமில்லை. ஒரு மீற்றர் நீளப் பீ.வி.சி. குழாய், அதை நிறுத்திவைக்கச் சீமெந்து ஊற்றிய பெயின்ற் வாளி, மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டு, நீர்மட்டம், ஒரு வெள்ளை மட்டை. தூக்குக்குண்டு இல்லாவிட்டால் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டினால் போதும். குழாயை இரண்டு பக்கம் நின்று நூலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு "நேராய்த்தான் நிக்குது" என்று விடுவதுதான் வழமையான பிழை. குழாய் ஒரு பாகை சரிந்தாலே நிழலில் 1.7 சென்ரிமீற்றர் பிழை வந்துவிடும்.

அடுத்த பிழை மணிக்கூட்டில். எங்கள் நேரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகைக்கு உரியது; நாங்கள் இருப்பதோ 80 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் எங்கள் உண்மையான நண்பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு வரும். ஓகஸ்டில் இன்னும் ஒரு நிமிடம் பிந்தும். சரியாகப் 12 மணிக்குப் பார்க்கிற பிள்ளைக்கு நாலரைச் சென்ரிமீற்றர் அளவில் மேற்குப் பக்கம் நிழல் தெரியும். "சேர் சொன்னது பொய்" என்று அது நினைத்தால் குற்றம் அதனுடையதல்ல. எனவே 11.50க்கே தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் நிழலின் நுனியை மட்டையில் புள்ளியிடச் சொல்லுங்கள். நிழல் ஒடுங்கி வந்து மறைந்து மறுபக்கம் கிழக்கே நீள்வதை அவர்களே காண்பார்கள்.

நிழலின் நுனி கூராக விழாது. சூரியன் வானில் அரைப் பாகை அகலம் என்பதால் ஒரு மீற்றர் உயரத்துக்கு ஒன்பது மில்லிமீற்றர் அளவுக்கு விளிம்பு மங்கும். குழாயின் மேல்வாயில் ஒரு மட்டையைக் குழாய்க்கு வெளியே நீளும்படி ஒட்டி, அந்த நீட்டில் மூன்று மில்லிமீற்றர் துளையிட்டால், மட்டையின் நிழலுக்கு நடுவில் சூரியனின் சிறிய வட்ட உருவம் விழும். துளைக்கு நேர் கீழுள்ள புள்ளியிலிருந்து அந்த வட்டத்தின் மையம் வரை அளந்தால் பிழை குறையும். மேலே நிமிர்ந்து சூரியனைப் பார்க்க எந்தப் பிள்ளையையும் விடக்கூடாது. இதைத் தொடக்கத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

இதில் இன்னொரு படி உண்டு. அதே நாளில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் அதே உயரக் குழாயை நிறுத்தினால், அங்கே நண்பகலில் 4.8 சென்ரிமீற்றர் நிழல் தெற்கே விழும். அதற்குரிய கோணம் 2.73 பாகை. வடக்குத் தெற்காக இரண்டு ஊருக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 302 கிலோமீற்றர். 302ஐ 360ஆல் பெருக்கி 2.73ஆல் பிரித்தால் பூமியின் சுற்றளவு 39,800 கிலோமீற்றர் என்று வரும். உண்மையில் அது 40,000ஐ ஒட்டியது. பிள்ளைகள் அநேகமாக பஸ் பாதையின் தூரத்தைப் போட்டு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்று கணக்குப் பார்த்து, 52,000க்கு மேல் எடுப்பார்கள். உடனே திருத்தாதீர்கள். வரைபடத்தை விரித்து, சாலை எங்கே வளைகிறது என்று அவர்களையே விரலால் தொடச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது வேலை. என் எண்ணத்தில் இதுதான் முக்கியமானது: கிணற்று நீர்.

குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான். குடிக்கிற, இறைக்கிற நீரெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கிய மழைநீர். நன்னீர் மேலே, உப்புநீர் கீழே; நிலாவரைக் கிணற்றில் ஆழம் போகப் போக உப்பாவதற்குக் காரணம் இதுவே. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கிற உப்பு மேலே ஏறும். செம்மண் மெல்லிய போர்வை, கல்லிலோ வெடிப்பு. ஆகவே வெங்காயத் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாக மாறி நேரே கிணற்றுக்கு வரும்.

அங்கத்தவர் செய்யக்கூடியது, ஒரு வாசிகசாலையை மையமாக வைத்து அயலில் இருபது கிணறுகளை ஆண்டில் மூன்று தடவை அளப்பது: மாரிக்கு முன் செப்ரெம்பரில், மாரி முடிந்த ஜனவரியில், வெங்காய இறைப்புக் காலத்தில் ஒரு முறை. அளவு இரண்டு போதும். நைத்திரேற்றுக்குச் சோதனைத் தாள், உப்புக்கு, நீர் எவ்வளவு மின்னைக் கடத்துகிறது என்று காட்டும் கடத்துதிறன் மானி.

செய்முறை இது. கிணற்று வாளியாலேயே நீரை அள்ளி, அதே நீரால் மாதிரிக் கிண்ணத்தை மூன்று தடவை அலசி ஊற்றிவிட்டு நான்காவதை வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டர்க் குழாயில் எடுப்பதானால் ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் எடுங்கள். குழாய்க்குள்ளும் மேல்தாங்கியிலும் கிடந்த நீர் கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தாளை ஈரக் கையால் தொடக்கூடாது. போத்தலைத் திறந்தபடி விடக்கூடாது. எங்கள் புழுக்கத்தில் திறந்து கிடந்த தாள் சில நாளிலேயே கெட்டுப்போகும். போத்தலில் எழுதிய நேரம் முடிந்ததும், பெரும்பாலும் அறுபது விநாடி, நிறத்தை ஒப்பிட வேண்டும். பிந்திப் பார்த்தால் இளஞ்சிவப்பு இன்னும் கறுத்து இல்லாத பயத்தைக் கிளப்பும். பார்ப்பதும் நிழலில், இரண்டு பேர், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல். இரண்டு வாசிப்பும் ஒத்துவராவிட்டால் இன்னொரு தாள்.

இங்கே படித்தவர்களே தடுக்கி விழுகிற ஒரு இடம் உண்டு. சில தாள்கள் நைத்திரேற்றாகவே அளவைத் தரும், சில நைத்திரேற்றில் உள்ள நைதரசனாகத் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நைதரசனாகச் சொன்னால் அதுவே 11.3. நைதரசன் அளவை 4.43ஆல் பெருக்கினால் நைத்திரேற்று. இதைக் கவனியாமல், 15 என்று வாசித்து "ஐம்பதுக்குக் கீழேதானே" என்று சொல்லிவிட்டால் அறுபத்தைந்துக்கு மேலுள்ள நீரை நல்ல நீர் என்று ஒப்புதல் கொடுத்தவராவீர்கள். பதிவுத்தாளின் தலைப்பிலேயே எது என்று அச்சிட்டு வைப்பதுதான் மருந்து.

கடத்துதிறன் மானியை ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன் என்று அளவு தெரிந்த நியமக் கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மானி வாங்கக் காசு சேர்க்கிறவர்கள் கரைசலுக்குச் சேர்க்க மறந்துவிடுவார்கள். பிறகு அந்த மானி வெறும் விளையாட்டுச் சாமான்.

முடிவைச் சொல்வதில் பக்குவம் வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் "உங்கட தண்ணி நஞ்சு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது. "அம்மா, இந்தக் கிணத்துத் தண்ணியில கைக்குழந்தைக்கு மாப்பால் கரைக்க வேண்டாம். கொதிக்க வைச்சாலும் இது போகாது, தண்ணி வத்த இன்னும் கூடும்" என்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கும். தாள் காட்டியது முதற்கட்டக் குறிப்பு மட்டுமே. ஐம்பதைத் தாண்டிய கிணறுகளை ஆய்வுகூடத்தில் மறுபடி பார்ப்பிக்கப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சேர்ப்பிக்க வேண்டும். கிருமிச் சோதனையை நாங்கள் தொடவே கூடாது. அதற்குக் கிருமிநீக்கிய போத்தலும், சில மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடமும் தேவை. வாசிகசாலைச் சுவரில் ஒட்டும் படத்தில் வீட்டுப் பெயர் போடாதீர்கள், இலக்கம் போதும். பெயரைப் போட்டால், காணி விற்க இருக்கிறவர் இனி உங்களை வளவுக்குள் விடமாட்டார்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுளம்பில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் பங்குகொண்ட ஒரு ஆய்வு 2011இல் வெளிவந்தது. டெங்கு நுளம்பின் குடம்பி நன்னீரில் மட்டுமல்ல, கரையோரத்தில் பாவிப்பற்ற கிணறு, கைவிட்ட வள்ளம், எறிந்த பாத்திரங்களில் தேங்கிய சவர் நீரிலும் வளர்கிறது என்று அது காட்டியது. குருநகர், நாவாந்துறை போன்ற கரையோரங்களில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் பூச்சாடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது. நீரைக் கவிழ்த்தாலும் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

பறவை பிடித்தவர்களுக்கு ஜனவரி. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அந்த மாதந்தான் நடக்கும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கிறமாதிரி நில்லுங்கள். பூநாரைக் கூட்டத்தில் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அதை வைத்து நூறு நூறாக அளந்து போக வேண்டும்.

பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவர்கள் அதிபரின் சம்மதத்தோடு வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும்; எந்தப் பிள்ளையோடும் தனியே இருப்பதில்லை, பெற்றோர் சம்மதமின்றிப் படம் எடுத்து முகநூலில் போடுவதில்லை. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்ல வராது என்று பின்னடிக்கிறவர்களுக்கு ஒன்று: பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உங்களுக்கு என்ன தடை? தரம் 8 விஞ்ஞானப் பாடநூலை முதல்நாள் இரவு ஒருக்கால் புரட்டினால் பிள்ளைகள் பாவிக்கிற சொற்கள் வந்துவிடும்.

கண்காட்சிக்கு நடுவராகப் போகிறவர்கள் பளபளப்பான மாதிரிகளைக் கடந்துபோய், "இது எப்ப வேலை செய்யேல்ல?" என்று கேளுங்கள். தாங்களே செய்த பிள்ளை பதில் வைத்திருக்கும். ரியூட்டறியில் செய்வித்த பிள்ளை ஆசிரியரைத் திரும்பிப் பார்க்கும்.

தீவகத்துக்கு ஆள் தேவை, அங்கே போகிறவர் குறைவு. குறிகட்டுவானில் ஏறுமுன் திரும்பி வரும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுவிட்டு அதற்கேற்ப நிகழ்ச்சியை வெட்டுங்கள். மாரியில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. நெடுந்தீவுக்குப் பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போவது நல்லது. மானியையும் தாளையும் இறுக மூடிய பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து மடியில் கொண்டுபோங்கள், உப்புத்தூவானம் பட்டால் இரண்டும் வீண்.

முன்வர நினைக்கிறவர் சங்கச் செயலாளருக்கு எழுதும்போது "ஏதாவது உதவி செய்யத் தயார்" என்று எழுதவேண்டாம். அப்படி வந்த கடிதங்கள் கோவையில் தூங்கும். எந்தக் கிழமை நாள், எத்தனை மணித்தியாலம், எந்த வலயம், வாகனம் உண்டா, எதைச் செய்யக்கூடும், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று ஆறு வரி எழுதுங்கள். விஞ்ஞானம் படிக்காத அங்கத்தவரும் எழுதலாம். இருபது கிணற்றின் பதிவேட்டைப் பிழையில்லாமல் வைத்திருக்க ஒரு இளைப்பாறிய வங்கி முகாமையாளரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது.

நன்றி, வணக்கம்.