அவ்வைக்கு முன்னால் ஒரு வள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

கே.பி. சுந்தராம்பாள் என்றதும் என்ன நினைவுக்கு வரும் என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் அவ்வையார் என்றுதான் சொல்வீர்கள். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். 1953-இல் ஜெமினி வாசன் எடுத்த படம் அப்படி ஒரு முத்திரையைக் குத்திவிட்டது. எங்கள் தலைமுறைக்கு அவர் பிறக்கும்போதே பாட்டி. இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பாட்டியைப் பற்றி இல்லை. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, தினைப்புனத்தில் நின்று பறவைகளை விரட்டும் ஆலோலம் பாடி, வேடனாக வந்த முருகனிடம் வாய்க்கு வாய் பதில் சொன்ன ஒரு இளம்பெண்ணைப் பற்றி. அந்த வள்ளியை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது சில இசைத்தட்டுகளும், பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போன கதைகளும்தான்.

சுந்தராம்பாள் 1908-இல் கொடுமுடியில் பிறந்தார். காவிரிக்கரை ஊர், மகுடேசுவரர் கோயில் இருக்கும் ஊர். தாயார் பாலாம்பாள். வீட்டில் கடும் வறுமை. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் ரயில் பாதையில்தான் கொடுமுடி இருக்கிறது. அந்த ரயில்களில் பாடிக் காசு வாங்கிய சிறுமியை யாரோ ஒரு பெரிய மனிதர் கேட்டுவிட்டு நாடகத்துக்குக் கொண்டு போனார் என்பது கதை. அந்தப் பெரிய மனிதர் திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த நாடகப் பிரியர் எஃப்.ஜி. நடேசய்யர் என்று ஒரு சாரார் சொல்வார்கள். இல்லை, கரூரில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி என்று இன்னொரு சாரார். யாராக இருந்தாலும் சரி, குழந்தை போய்ச் சேர்ந்த இடம் வேலு நாயரின் நாடகக் கம்பெனி.

முதலில் கிடைத்தது நல்லதங்காள் நாடகத்தில் பிள்ளை வேஷம். பசிக்கிறது, வயிறு பசிக்கிறது என்று தாயிடம் அழுது பாட வேண்டும். அந்தப் பாட்டுக்கு அந்தக் குழந்தைக்கு ஒத்திகையே தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம் இலங்கை. அந்தக் காலத்தில் தமிழ் நாடகத்துக்குக் கொழும்பு ஒரு பெரிய சந்தை. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதும், நடிகர்கள் அக்கரைக்குப் போவது ஏறக்குறைய வெளியூர் போய் வருவது போல ஆகிவிட்டது. சுந்தராம்பாள் வளர்ந்து பெரிய நடிகையாகப் பெயர் எடுத்தது பெரும்பாலும் அந்த மண்ணில்தான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது புரியாவிட்டால் சுந்தராம்பாளின் திறமை என்ன வகைத் திறமை என்பதும் புரியாது.

கம்பெனி நாடகம் என்பது வேறு. அங்கே வாத்தியார் இருப்பார், பாடம் இருக்கும், அடி உதை இருக்கும், ஒரே குழு மாதக்கணக்கில் சேர்ந்தே வாழும். ஸ்பெஷல் நாடகத்தில் இது எதுவும் கிடையாது. ஒரு ஊர்க்காரர்களோ ஒரு காண்டிராக்டரோ, ராஜபார்ட் என்கிற கதாநாயகனை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகியை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். இரவு பத்து மணிக்கு மேடையில்தான் எல்லோரும் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பது ஒன்றுதான் பிடிமானம். மற்றபடி எதிரே நிற்பவர் எந்த ராகத்தை எடுப்பார், எந்தக் கேள்வியைப் போடுவார், எந்தக் கட்டத்தில் காலை வாருவார் என்று யாருக்கும் தெரியாது. விடிய விடிய நடக்கும்.

அதிலும் வள்ளி திருமணத்தில் தர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு. ஜனங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான். முதலில் நாரதர் வந்து வள்ளியிடம் வாதம் செய்வார். பிறகு முருகன் வேடனாக வருவார். நான் துரத்தி வந்த மானைப் பார்த்தாயா என்று கேட்பார். அவர் மானின் அடையாளத்தைச் சொல்லச் சொல்ல, அது நாலுகால் மான் இல்லை, எதிரே நிற்கும் பெண்தான் என்பது சபைக்கு விளங்கிக்கொண்டே வரும். வள்ளிக்கும் விளங்கும். உடனே அவள் திருப்பிக் கொடுப்பாள். பாட்டுக்குப் பாட்டு, வசனத்துக்கு வசனம், தாளமில்லாமல் பாடும் விருத்தத்துக்கு விருத்தம். நடிகைக்கு இங்கே மூன்று வேலை. எதிராளியின் சுருதியிலேயே பாட வேண்டும், சொல்லுக்குச் சொல் பதில் கட்ட வேண்டும், அதே நேரத்தில் கோபமும் வெட்கமும் முகத்தில் இருக்க வேண்டும். இதில் தோற்றால் மறுநாள் ஊர் முழுக்கச் சிரிக்கும்.

இந்த நிலைமையில்தான் 1926-இல் எஸ்.ஜி. கிட்டப்பா கொழும்புக்கு வந்தார். செங்கோட்டைக்காரர். கன்னையா கம்பெனியில் சிறு வயதிலேயே கொடி கட்டிப் பறந்தவர். ஐந்து கட்டை என்கிற மிக உயர்ந்த சுருதியிலும் அலுங்காமல் நிற்கும் குரல். அவரோடு பாடி உன்னால் நிற்க முடியாது, பேசாமல் ஒதுங்கிக்கொள் என்று சுந்தராம்பாளுக்குச் சிலர் சொன்னார்களாம். அந்தப் பெண்ணோடு மேடை ஏறினால் உன் பெயர் போய்விடும் என்று கிட்டப்பாவுக்கும் வேறு சிலர் சொன்னார்களாம். இரண்டு பக்கமும் பயமுறுத்தியவர்கள் டிக்கெட் விற்பனைக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்கள். கிட்டப்பாவுக்கு வயது இருபது, சுந்தராம்பாளுக்குப் பதினெட்டு.

அன்றைக்கு இருவரில் யாரும் தோற்கவில்லை. அந்த மேடைப் போட்டியே ஜோடியாக மாறியது. கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம். கிட்டப்பா பாடிய ‘காயாத கானகத்தே’ இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. முடிந்தால் தேடிக் கேளுங்கள். பாட்டு முடிந்ததும் ஒரு விநாடி யோசித்துப் பாருங்கள். மேடையில் அந்தப் பாட்டு அங்கே முடியாது. அந்த உச்சத்தில் அவர் கொண்டுபோய் நிறுத்திய இடத்திலிருந்து சுந்தராம்பாள் எடுத்தாக வேண்டும். பதினெட்டு வயதில், மைக் இல்லாமல்.

மைக் இல்லாமல் என்பதை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொட்டகையின் கடைசி வரிசையில், தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு மட்டும் கேட்டால் போதாது, வார்த்தையும் புரிய வேண்டும். கதையே பாட்டில்தான் நகர்கிறது. அதனால் இந்த நடிகர்கள் மேல் ஸ்தாயியில் பாடினாலும் எழுத்தை விழுங்க மாட்டார்கள். கச்சேரி மேடையில் சங்கதிக்காகச் சொல்லை உடைப்பவர்கள் உண்டு, அதை ரசிக்கிறவர்களும் உண்டு. நாடக மேடையில் அது செல்லாது. சுந்தராம்பாளின் உச்சரிப்பில் வல்லின எழுத்து ஒவ்வொன்றும் தனியாகக் காதில் விழுவதற்குக் காரணம் பக்தி என்று சிலர் எழுதுகிறார்கள். பக்தி இருக்கலாம். என்னைக் கேட்டால், தரை டிக்கெட் என்பேன்.

1927-இல் மாயவரத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சேர்ந்து நடித்த ஊரெல்லாம் கூட்டம் அலைமோதியது. வீட்டுக்குள் நிலைமை வேறு. பிறந்த குழந்தை தங்கவில்லை, மனஸ்தாபம், பிரிவு, கிட்டப்பாவின் உடல்நலக் கேடு. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு அச்சில் வந்திருக்கின்றன. அதற்குள் நான் போகவில்லை. இந்தக் காதல் கதையைச் சொன்னவர்கள் ஏராளம். அதில் சுந்தராம்பாள் ஒரு தொழில்காரர் என்பது மறந்தே போய்விட்டது. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். வயது 27.

அடுத்து நடந்ததுதான் ஒரு நடிகை என்ற முறையில் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை கட்டினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் எடுத்தார். இதைப் பெரும்பாலும் ஒரு பத்தினியின் கதையாகச் சொல்வார்கள். தொழில் கணக்காகவும் பார்க்கலாம். ஸ்பெஷல் நாடகத்தின் பாடங்கள் முக்கால்வாசியும் ஜோடிப் பாடங்கள். வள்ளி போயிற்று. பவளக்கொடி போயிற்று. கோவலன் கதை போயிற்று. தர்க்கம் என்ற அந்த வித்தையே போயிற்று. எதில் அவரை மிஞ்ச ஆள் இல்லையோ அதை அவரே பூட்டிவிட்டார்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி உட்படப் பலரும் வற்புறுத்திய பிறகுதான் மறுபடி மேடை ஏறினார். கொடுமுடி வீட்டுக்குக் காந்தியே வந்து, தங்கத் தட்டில் சாப்பிட்டுவிட்டு அந்தத் தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. நாட்டுக்கு நிதி திரட்டுவதில் காந்திக்குக் கூச்சம் கிடையாது, ஆகவே நம்பலாம். மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டுகளைச் சுந்தராம்பாள் இசைத்தட்டில் பாடினார், காங்கிரஸ் கூட்டங்களிலும் பாடினார். அந்தத் தொடர்பில்தான் 1951-இல் சென்னை சட்ட மேலவைக்குப் போனார்.

மேடைக்குத் திரும்பியவர் எந்த வேஷத்தைத் தேர்ந்தார் தெரியுமா? நந்தனார். ஆண் வேஷம், அதுவும் அடியார் வேஷம். ஜோடியே தேவையில்லை. 1935-இல் அது ‘பக்த நந்தனார்’ என்று படமானபோது சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு நம்ப முடியாத தொகை. நந்தனின் எஜமானரான வேதியராக, பாடகர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் சரியாகப் போகவில்லை. எழுத்தாளர் கல்கி தன் விமர்சனத்தில் எருமைக்கும் மரத்துக்கும் நல்ல நடிப்பு என்று பாராட்டிக் கிண்டலடித்தார். காமிரா முன் நிற்க நாடகக்காரர்களுக்கு அப்போது இன்னும் பழகவில்லை.

இதற்குப் பிறகு அவர் ஏற்ற வேஷங்களை வரிசையாகப் பாருங்கள். 1940-இல் மணிமேகலை, துறவி. 1953-இல் அவ்வை. 1964-இல் பூம்புகாரில் கவுந்தி அடிகள், அவரும் துறவி. 1965-இல் திருவிளையாடலில் மறுபடி அவ்வை. 1973-இல் காரைக்கால் அம்மையார், அழகே வேண்டாம் என்று பேய் உருவம் கேட்டு வாங்கியவர். தமிழ் இலக்கியத்தில் காதலுக்கு அப்பால் நிற்கும் பெண்கள் ஏறக்குறைய எல்லோரையும் ஒரே நடிகை நடித்து முடித்திருக்கிறார். நமக்கு அது இயல்பான பொருத்தமாகத் தெரிகிறது. ஒரு சபதம் மிச்சம் வைத்த வேஷங்கள் அவை.

ஆனால் நாடகக் குரல் எங்கும் போகவில்லை. திருவிளையாடலில் அவர் பாடும் ‘ஞானப் பழத்தைப் பிழிந்து’ என்ற விருத்தத்தைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். அது சினிமாவுக்காக எழுதியது இல்லை. 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டு. ஐம்பத்தாறு வயதில், ஸ்டூடியோவில், வாயருகே மைக்கை வைத்துக்கொண்டு அதைப் பாடுகிறார். ஆனாலும் கொட்டகையின் கடைசி வரிசைக்குத்தான் பாடுகிறார். கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைப் பாட்டாலேயே மடக்குகிற காட்சி அது. வேடனாக வந்த அதே முருகனை, இருபது வயதில் தினைப்புனத்தில் மடக்கியவர்தான் இப்போது பாட்டியாக வந்து மடக்குகிறார். அடுத்த முறை அந்தப் பாட்டு ஒலிபரப்பாகும்போது கண்ணை மூடிக்கொண்டு, அவ்வையின் முகத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்னும் நடக்கிறது. போனால் தர்க்கம் வரும் வரையில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.