அப்பத்தாவின் அளவு நாடா

(கொடைக்கானலில் நடந்த படத்திறப்பு நிகழ்வில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, ஏரிக்கரைக் குதிரைக்காரத் தோழர்களே, அப்பத்தாவின் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, வணக்கம்.

அப்பத்தாவுக்குக் குதிரை என்றால் உயிர் என்று இங்கே பேசிய எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பாசம் எப்படிப்பட்டது என்று காட்ட ஒரு பொருள் போதும். தையற்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த 150 சென்டிமீட்டர் நாடா. அப்பத்தாவின் இடுப்பில் அது எப்போதும் செருகியிருக்கும்.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளப்பார். அடுத்து, தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை நீளம். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 145, நீளம் 140 என்றால் அந்த மட்டக்குதிரை சுமார் 248 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக் கூடாது. அதாவது 50 கிலோவுக்குள். சேணம் 8 கிலோ என்றால் ஏறுகிறவருக்கு மிச்சம் 42. கணக்குப் போடுவது பேரப்பிள்ளைகள் வேலை; விடையை விட்டுக்கொடுக்காமல் நிற்பது அப்பத்தாவின் வேலை. மே மாதக் கூட்டத்தில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஏற வந்தால், "பிள்ளையை ஏத்துங்க தம்பி, நீங்க கூடவே நடந்து வாங்க" என்பார். போகிற வருமானம் போகட்டும் என்றே சொல்வார்.

சேணத்தை இறக்கியதும் முதுகைத்தான் முதலில் பார்ப்பார். முதுகெல்லாம் வேர்வையில் நனைந்திருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது என்று பொருள். அழுத்தம் மிகுந்த இடத்தில் வேர்வை சுரக்காது. அதைக் கவனிக்காமல் மறுநாளும் சேணம் போட்டால் புண்தான். புண் ஆறும்வரை அந்தக் குதிரைக்கு வேலை இல்லை. இதை ஏரிக்கரையில் தொழில் செய்யும் நாம் அனைவரும் தினமும் செய்ய வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாது.

தீனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையில் குதிரைகள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். 250 கிலோ குதிரைக்கு நாளைக்கு 5 கிலோ காய்ந்த புல், நாலைந்து வேளையாகப் பிரித்து. அதன் இரைப்பை சிறியது. மொத்தமாகப் போடக் கூடாது. கொள்ளுப் பயறை இரவே ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவைத்து, ஆறவிட்டுத்தான் வைப்பார்.

மலிவு என்று கோதுமைத் தவிட்டை அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு. தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்கு போல இருக்கிறது. போதாததற்கு, நம் புல்வெளியெங்கும் பரவிக் கிடக்கும் கிக்குயூ புல்லில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவு செய்யும். இன்று ஒரு கால் நொண்டும், நாளைக்கு வேறு கால். தீனியை மென்று தின்னத் தயங்கும். கடைசியில் முகத்து எலும்பு வீங்கும். வீக்கம் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். அதனால்தான் அப்பத்தா தவிட்டைக் கைப்பிடியோடு நிறுத்தி, குதிரைமசால் என்ற தீவனச் செடியைத் தினமும் சேர்த்தார். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பெயரிலேயே குதிரையை வைத்த நம் முன்னோர் விவரம் தெரிந்தவர்கள். பெரணிச் செடியை லாயத்தில் படுக்கையாகப் போடவும் விடமாட்டார். காய்ந்த பிறகும் அதன் நஞ்சு போகாது. தின்னத் தின்ன உடம்பின் வைட்டமின் பி1 சத்து அழிந்து, குதிரை தள்ளாடும்.

மார்கழி, தை உறைபனியில் வேறொரு ஆபத்து. தண்ணீர் சில்லென்று இருந்தால் குதிரை குறைவாகக் குடிக்கும். குடல் காய்ந்து அடைக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலி அதற்கு உயிர்ப்போராட்டம். அப்பத்தா விடியற்காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பார், தீனியில் உப்பு சேர்ப்பார், லத்தியை எண்ணுவார். நாளைக்கு 8 முதல் 12 முறை போட வேண்டும். பாதியாகக் குறைந்து, குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ தரையைக் காலால் கீறினாலோ, தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைப்பார். நாட்டு மருந்து என்று எதையும் வாயில் ஊற்ற விடமாட்டார். அது நுரையீரலுக்குள் போய்விடும். கடிவாள இரும்பைக்கூட அந்தக் குளிரில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் மாட்டுவார்.

இலாடத்துக்கு 6 வாரக் கணக்கு. தார்ச்சாலைச் சரிவில் தேய்ந்த இலாடம் வழுக்கும் என்பதால் அந்தக் கணக்கை நீட்டியதில்லை. மழைக்காலத்தில் குளம்பின் அடியைத் தினமும் சுரண்டி மோந்து பார்ப்பார். நாற்றம் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

நாடா இப்போது மூத்த பேத்தியிடம் இருக்கிறது. நேற்றே மூன்று குதிரைகளை அளந்து எழுதிவைத்திருக்கிறாள்.

படத்துக்கு மலர் தூவிவிட்டு லாயத்துக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிலக்கோட்டையிலிருந்து வந்த மாலைகளில் அரளி கலந்திருக்கிறது. இலை, பூ, தண்டு எல்லாமே குதிரைக்கு நஞ்சு. கைப்பிடி இலை போதும், இதயம் நின்றுவிடும். மாலைகளை மண்டபத்திலேயே வைத்துவிட்டு, கைகழுவிவிட்டுப் போங்கள். ஆறு மணிக்குத் தீனி நேரம். ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் குதிரைமசால் கட்டு வாசலில் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையை விரித்து, விரல்களைச் சேர்த்து நீட்டுங்கள்.